ஜீனின் நாற்காலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கவிதை. நாட்டுக்கு இருநூற்றைம்பது வயது ஆகிறது, அமெரிக்காவைப் போற்றி ஒரு பக்கத்துக்குப் பாட்டு எழுதிக் கொடுங்கள் என்று தமிழ்ச் சங்க மலர்க்காரர்கள் கேட்டார்கள். ஆகட்டும் என்று வாய் சொல்லிவிட்டது, கைதான் மாட்டிக்கொண்டது.

'ஓ அமெரிக்கா' என்று தொடங்கினேன். 'ஓ'வுக்கு அப்புறம் ஒன்றும் வரவில்லை. 'நெப்ராஸ்காவின் பொன் வயல்களே' என்று மாற்றினேன். எங்கள் ஊரில் விளைவது மக்காச்சோளமும் சோயாவும். ஜூலையில் இரண்டும் பச்சைப் பசேல் என்றுதான் இருக்கும். அதையும் அடித்தேன்.

ஆகவே, பாட்டு எழுதத் தெரிந்த ஆளைத் திருடிவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரான வில்லோ ஃபோர்க்கில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார். அவர் எனக்கு மூன்று வீடு தள்ளி.

2

வெர்லின் ஷ்ட்ராட்மன் சோளக்கொல்லையின் நடுவே நின்று வானத்தை அண்ணாந்து—

வேண்டாம். நெப்ராஸ்காக் கவிஞர் என்றால் கொல்லையில்தான் நிற்க வேண்டுமா? வெர்லினுக்குச் சோளப்பூ ஒத்துக்கொள்ளாது, அடுக்குத் தும்மல் போடுவார். மாவட்டத்தின் சரளைச் சாலைகளைச் சமப்படுத்தும் வண்டியை ஓட்டுகிறார். ஓட்டிக்கொண்டே பாட்டுக் கட்டுவார். சாலையில் எங்கெங்கே மேடு விட்டுப் போயிருக்கிறதோ, அங்கெல்லாம் அவருக்கு எதுகை சிக்கியிருக்கிறது என்று ஊரில் கேலி உண்டு.

சுதந்திர நாளான ஜூலை நான்காம் தேதி, ஒவ்வொரு வருடமும் ஊர்வலத்தின்போது வைக்கோல் வண்டிமேல் ஏறி நின்று அவர் நாட்டு வரலாற்றைப் பாட்டாகப் படிப்பார். அதோடு ஊர்வலத்துக்கு மேற்பார்வையாளரும் அவரே. ஆரஞ்சு மேல்சட்டை, கழுத்தில் விசில். கவிஞன் கையில் விசிலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதை.

2 (மறுபடியும்)

நாற்காலி விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மூன்றாம் தேதி சாயங்காலமே எல்லோரும் மடக்கு நாற்காலிகளைக் கொண்டுபோய்க் கடைவீதி ஓரத்தில் போட்டுவிடுவோம். ராத்திரி முழுக்க அவை அப்படியே கிடக்கும். அடுத்தவர் நாற்காலியை யாரும் தொட மாட்டார்கள். பணப்பையைத் தொலைத்தால் எங்கள் ஊரில் கிடைக்காமல் போகலாம், நாற்காலி மட்டும் நகராது. ஆனால் காலையில் தீயணைப்பு நிலையத்துச் சைரன் ஊதி ஊர்வலம் கிளம்பிவிட்டால் கதை வேறு. அப்போதும் காலியாக இருக்கும் நாற்காலியில், நிற்கிற யார் வேண்டுமானாலும் உட்காரலாம். இதுதான் விதி.*

வெர்லினின் அக்கா மார்ஜீனும் அவர் கணவர் ஜீனும் வழக்கமாக வங்கிக்கு எதிரே இரண்டு நாற்காலி போடுவார்கள். ஜீனுடையது பச்சைப் பட்டை பின்னிய அலுமினிய நாற்காலி. நான்கு வருடங்களுக்கு முன் மார்ச் மாதம் ஜீன் இறந்துபோனார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் வெர்லினும் ஒருவர். அந்த ஜூலையிலும் மார்ஜீன் இரண்டு நாற்காலிகளையே போட்டார். சைரன் ஊதியது. வெளியூர்க் கிழவர் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். விதிக்காரர் வெர்லின் விசிலை ஒரு ஊது ஊதி, பச்சை நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அவருக்குப் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து மார்ஜீன் தம்பியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

* காலி இடத்தில் வந்து உட்காருவது எங்களுக்குப் புதிதல்ல. காலி என்று சொல்லித்தான், இங்கே முன்பு வாழ்ந்த பாவ்னி பழங்குடி மக்களின் நிலத்தில் இந்த ஊரே உட்கார்ந்தது. இதைப் பற்றி வெர்லின் இந்த வருடப் பாட்டில் இரண்டு வரி எழுதியிருந்தார். நேரமில்லை என்று ஊர்வலக் குழு வெட்டிவிட்டது. டிராக்டர்களுக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஒதுக்கியிருந்தது அதே குழு.

3

மார்ஜீன் ஊர்வலத்துக்கு வராமல் இருந்துவிடவில்லை. அப்படி இருந்திருந்தால் வெர்லின் பிழைத்திருப்பார். வருடம் தவறாமல் வந்தார், ஒரே ஒரு நாற்காலியைப் போட்டார், வீதிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பாண்டு வாத்தியம், டிராக்டர், பாட்டு எல்லாம் அவர் முதுகுக்குத்தான். வண்டிகளிலிருந்து வீசும் மிட்டாய் அவர் முதுகில் பட்டு விழும், திரும்ப மாட்டார்.

இன்னொன்றும் செய்தார். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டை மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' என்ற பண்டத்தைத் தெருவுக்கே சுட்டுக் கொடுப்பது அவர் வழக்கம். தம்பி வீட்டுக்கு மட்டும் கத்தியால் வெட்டிய அரைப் பை போகும், தம்பி மனைவி ட்வைலாவின் பங்கு. வெர்லின் அதைத் தொடக்கூடாது. (தொட்டார். ட்வைலா தூங்கிய பிறகு. இதை நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.)

4

இந்த வருடப் பாட்டு பெரிய பாட்டு. இருநூற்றைம்பது வருடத்தையும் ஒரு மூச்சில் சொல்லியாக வேண்டும். அவருடைய எதுகை எனக்குப் பிடிபடவில்லை, பொருளைத் தருகிறேன்:

பனிக்கட்டி மிதந்த ஆற்றைப் படகில் கடந்தோம்.
மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டோம்.
புழுதிப் புயலில் ஒரே ரொட்டியை ஒன்பது பேர் தின்றோம்.
நிலாவில் கால் வைத்தோம், திரும்பி வந்து புல் வெட்டினோம்.
இந்த வீதியின் ஓரத்தில்
எல்லோருக்கும் ஒரு நாற்காலி உண்டு.

தீயணைப்புப் படைத் தலைவர் டெல்மர் குரூஸ்தான் ஊர்வலக் குழுவுக்கும் தலைவர். கடைசி வரியைப் படித்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டெல்மருக்குக் கண் கலங்கினால் செலவு வரும். அந்த வரியைப் பதினைந்தடி நீளத் துணிப் பதாகையாக அடிக்கச் சொல்லிவிட்டார்.

மூன்றாம் தேதி சாயங்காலம் ட்வைலா அடுப்படியில் நின்றபடியே பாட்டைப் படித்துப் பார்த்தார்.

"ஏங்க, இந்தக் கடைசி வரியை எழுதினது நீங்கதானா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. எல்லாருக்கும் நாற்காலியாமே! உங்க அக்காகிட்ட போய் முதல்ல படிச்சுக் காட்டுங்க. நான் இங்க ஆம்புலன்சுக்குச் சொல்லி வைக்கிறேன்."

வெர்லின் கையிலிருந்த முள்கரண்டி அப்படியே நின்றது. சத்தியமாக அதுவரை அவருக்கு உறைக்கவில்லை. (இதை நம்புவதா என்று நானும் யோசித்தேன். ஊருக்கெல்லாம் பாடுகிறவருக்குச் சொந்த அக்காவின் நாற்காலி எப்படி மறந்துபோகும்? ஆனால் பாட்டு எழுதும்போது நமக்கு நாடு தெரியும், பக்கத்து வீடு தெரியாது. என் 'ஓ அமெரிக்கா'வையே பாருங்கள்.)

தட்டை வைத்துவிட்டு டெல்மர் வீட்டுக்கு ஓடினார்.

"டெல்மர், அந்த வரியை எடுத்துடு."

"என்னண்ணே சொல்றீங்க? பதாகையே கட்டியாச்சு. ஏணி வண்டியை வச்சு வங்கிக்கும் சலூனுக்கும் குறுக்கால இழுத்துக் கட்டியிருக்கோம்."

"வங்கிக்கா?"

"ஆமா. உங்க அக்கா உட்கார்ற இடத்துக்கு நேர் மேல. அவங்களும் பார்த்து சந்தோஷப்படட்டும்னுதான்."

டெல்மர் கெட்டவர் அல்ல. நான்கு வருடமாக அவர் டிராக்டர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

நான்காம் தேதி காலை வங்கிக்கு எதிரே பதாகைக்கு நேர் கீழே இரண்டு நாற்காலிகள். ஒன்று வீதிக்கு முதுகு காட்டி. அதில் மார்ஜீன். பக்கத்தில், வீதியைப் பார்த்து, பச்சைப் பட்டை நாற்காலி. காலி.

எனக்கு இரண்டாம் வரிசை. மார்ஜீன் வீதிக்கு முதுகு காட்டினால் எனக்கு முகம் காட்டுகிறார் என்று பொருள். ஆகவே அன்று நடந்ததை ஊர் பார்த்த பக்கத்திலிருந்து நான் பார்க்கவில்லை. இந்தக் கதையில் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம் இதுதான்.

வெர்லின் வைக்கோல் வண்டிமேல் ஏறினார், பச்சை நாற்காலியைப் பார்த்தார். விதியை நடத்த வேண்டியவரும் அவரே, அந்த விதியால் அக்காவை இழந்தவரும் அவரே. இன்றைக்கும் தவறினால் இந்தப் பிறவியில் அக்கா இல்லை. அது அவருக்குத் தெரிந்தது, ட்வைலாவுக்குத் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

சைரன் ஊதியது.

அவர் பாட்டைத் தொடங்கினார். ஆற்றைக் கடந்தார், மலையைக் குடைந்தார். நிலா பக்கம் போய்க்கொண்டிருந்தபோது, வெயில் தொப்பி போட்ட ஒரு பருத்த வெளியூர் ஆசாமி எலுமிச்சை ஜூஸோடு வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். பதாகையை நிமிர்ந்து வாசித்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பச்சை நாற்காலியில் உட்காரக் குனிந்தார்.

ஒலிபெருக்கியில் வெர்லின் குரல் கரகரத்தது.

"அண்ணே! அது ஜீன் அத்தானோட நாற்காலி. ஆள் இருக்கு."

பாண்டு வாத்தியம் நின்றது. ஆசாமி காலி நாற்காலியைப் பார்த்தார், சுற்றிலும் எங்கள் முகங்களைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கங்க," என்று நாற்காலியிடமே சொல்லிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார்.

வெர்லின் தாளை வைத்துக்கொண்டு நின்றார். 

மார்ஜீன் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே, என்னைப் பார்த்துக்கொண்டே, வீதிக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"டேய், பாட்டை முடிடா. வெயில் மண்டையைப் பொளக்குது."

நான்கு வருடத்தில் முதல் பேச்சு. வெர்லினுக்கு விட்ட இடம் தெரியவில்லை. தடவித் தடவி, குழு வெட்டிய பாவ்னி வரிகளில் போய் விழுந்து, அதையும் சத்தமாகப் படித்துவிட்டார். டெல்மர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

6

இனி முடிவு.

அவர் பாட்டை முடிப்பதற்குள் மார்ஜீன் எழுந்து நாற்காலியை வீதிப் பக்கம் திருப்பிப் போட்டார் என்று ஒரு முடிவு எழுதினேன். தம்பி வண்டியிலிருந்து குதித்தார், அக்கா—

கட்டிக்கொண்டார் என்று எழுத வரவில்லை. இவர்கள் ஜெர்மானிய வழி வந்த லூத்தரன் கிறிஸ்தவர்கள், கட்டிப்பிடிக்கிற வழக்கமில்லை. ஜீனின் சவ அடக்கத்திலேயே கை மட்டும் குலுக்கியவர்கள்.

அவர் கடைசிவரை திரும்பவே இல்லை, ஆனால் மறுநாள் வெர்லின் வீட்டுக்கு முழுப் பை வந்தது என்று இன்னொன்று எழுதினேன். இது நன்றாகத்தான் இருந்தது. எழுதிய அன்றே மார்ஜீன் என் வேலியோரம் வந்து நின்றார். ட்வைலாவின் வேலையாக இருக்கும்.

"நீ என்னமோ எழுதுறியாமே, எங்களைப் பத்தி."

"கதைதாங்க. முடிவு மட்டும் பாக்கி."

"அன்னைக்கு என் மூஞ்சியைப் பார்த்த ஒரே ஆள் நீதான். அதுல இருந்ததை எழுதினே, உனக்கும் இனிமே அரைப் பைதான்."

நான் கொள்கைப் பிடிப்புள்ள எழுத்தாளன்தான். ஆனாலும் அந்தப் பையை நீங்கள் தின்றதில்லை.

ஆகவே, அந்த முகத்தில் என்ன இருந்தது, நாற்காலி திரும்பியதா, தம்பி வீட்டுக்குப் போனது அரையா முழுசா, எதையும் நான் எழுதப்போவதில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். சைரன் ஊதியாகிவிட்டது, நீங்களும் வெகுநேரமாக நின்றுகொண்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர் விதிப்படி தாராளமாக வந்து உட்காரலாம்.

உட்காருவதற்கு முன் ஆள் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.