கடைசியில் ஒரு எஃப்

பார்க் லேன் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு சின்னக் கடையில் நின்றுகொண்டு பாலசுப்ரமணியன் சட்டைப்பையிலிருந்த சீட்டை நாலாவது முறையாக எடுத்துப் பார்த்தார். தினசரி காலண்டர் தாளின் பின்புறம், ப்ராசசரில் தொடங்கி மவுஸ் வரை எட்டுச் சாமான்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ப்ராசசர் நம்பரின் கீழே மட்டும் இரண்டு கோடுகள். வீட்டு உபயோகத்துக்கு, இந்த விலைக்கு, இதைவிட நல்லது கிடையாதாம். எல்லாம் சரிதான். எழுதியது ஃபெலிக்ஸ் என்பதுதான் உறுத்தியது.

ஃபெலிக்ஸ் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன். முப்பத்திரண்டு வயது, தூத்துக்குடிக்காரன், கொண்டாப்பூரில் வேலை. மனைவி ஆக்னஸ் குஷாய்குடா தொழிற்சாலையில் அதிகாரி என்பதால் ஊரின் இந்தக் கோடியில் வந்து குடியிருந்தான். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பான். அந்த மூன்று நாளும் பாலசுப்ரமணியனின் மனைவி ரமணிக்கு ஏதாவது ஒரு சந்தேகம் வந்துவிடும். "ஃபெலிக்ஸ் சொன்னான்" என்று ஆரம்பிக்காமல் அவளால் இப்போதெல்லாம் ஒரு ரசம்கூட வைக்க முடிவதில்லை. போதாக்குறைக்கு அவன் ரமணியை அக்கா என்பான், இவரை அங்கிள் என்பான். அக்காவின் புருஷன் அங்கிள் ஆவது எந்த ஊர் உறவுமுறை என்று பாலசுப்ரமணியனுக்குப் புரியவில்லை. அவளைவிட அவருக்கு ஐந்தே வயதுதான் அதிகம்.

ஒரு காலத்தில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் குடியிருப்பில் யார் வீட்டில் டிவி நின்றாலும், ரேடியோ கரகரத்தாலும், 'பாலு சாரைக் கூப்பிடு' என்பதுதான் பேச்சு. முப்பத்தோரு வருஷம் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். அப்படிப்பட்டவரை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் மாடிக்குப் போய்ச் சீட்டு வாங்கி வந்திருக்கிறாள். அவருக்குப் பொறாமைதான். அக்கறை, கவலை என்று வேறு பெயர்கள் வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை.

கடைக்காரர் நீட்டிய விலைப்பட்டியலில் அப்போதுதான் அது கண்ணில் பட்டது. ஃபெலிக்ஸ் எழுதிய அதே நம்பர், கடைசியில் மட்டும் ஒரு எஃப். விலையோ ஆயிரத்து நானூறு ரூபாய் குறைவு. பாலசுப்ரமணியனின் முகம் மலர்ந்தது. தொழிற்சாலையில் எந்தப் பாகத்துக்கும் கடைசி எழுத்து என்றால் திருத்தம் என்று அர்த்தம். ஏ என்றால் முதலில் செய்தது, எஃப் என்றால் ஐந்து முறை குறை நீக்கிச் செய்தது. எஃப் இருக்க, நாள்பட்ட சரக்கான ஏ-யை வாங்குகிறவன் மடையன் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார். பயலுக்குக் கடைசி எழுத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

"இதைக் கொடுங்கள்" என்று எஃப்பில் விரலை வைத்தார்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "கார்டு ஹை நா, அங்கிள்?"

இங்கேயும் அங்கிள். கார்டுகூட இல்லாத ஆள் என்று நினைத்துவிட்டானா? "ஹவ், ஹவ். ஹை" என்று தலையை ஆட்டி, பர்ஸைத் திறந்து பேங்க் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நாலு பேர் உள்ளே வந்துவிட்டார்கள், தசரா கூட்டம்.

சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினார். கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது இருட்டிவிட்டது. விண்டோஸ் ஏற்ற வேண்டிய டிஸ்க்கை ஃபெலிக்ஸே தன் மெஷினில் போட்டு ஏற்றிக் கொடுத்திருந்தான். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு செருகினார். சுவிட்சில் கைவைக்கும்போது ரமணி வந்து தடுத்தாள்.

"நாளைக்குப் பூஜைல வெக்கணும். பூஜைக்கு முன்னாடி தொடாதேங்கோ. விஜயதசமி அன்னிக்கு நான் போடறேன்."

விஜயதசமி காலை பத்து மணிக்கு, கம்ப்யூட்டர் வழியாக அவள் எடுக்கப்போகும் முதல் வகுப்பு. கொண்டாப்பூரில் எட்டுக் குழந்தைகள். அப்பா அம்மா தமிழில் கேட்டால் தெலுங்கிலும் இந்தியிலும் பதில் சொல்கிற குழந்தைகள். அவர்களுக்கு அனா ஆவன்னா சொல்லிக்கொடுக்கப் போகிறாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு அவளுடையது என்று வரும் முதல் வேலை. பிள்ளைகளைச் சேர்த்துவிட்டவனும் ஃபெலிக்ஸ்தான் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சரஸ்வதி பூஜை அன்று சுண்டல் வாங்கிக்கொள்ள ஃபெலிக்ஸும் ஆக்னஸும் கீழே வந்தார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்த கம்ப்யூட்டர், வீணைக்கும் புத்தகங்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது.

"ப்ராசசர் கிடைச்சிச்சா அங்கிள்?"

"நீ எழுதினதைவிட நல்லது. ஆயிரத்து நானூறு கம்மியும்கூட" என்றார் பாலசுப்ரமணியன், ரமணியின் காதில் விழும்படி.

ஃபெலிக்ஸ் ஏதோ கேட்கப் போனான். ஆக்னஸ் அவன் கையில் சுண்டல் தொன்னையைத் திணித்தாள்.

விஜயதசமி அன்று ஒன்பது மணிக்கு ரமணி பட்டுப்புடவையில் வந்து சுவிட்சை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது. விளக்கு எரிந்தது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. பாலசுப்ரமணியன் வயரைப் பிடுங்கிச் செருகினார், மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஒன்பதே கால். வேறு வயர் போட்டுப் பார்த்தார். ஒன்பதரை. கடைசியில் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஃபோனில் அந்த நம்பரைத் தேடினார். எஃப் என்றால் படம் காட்டும் பகுதி உள்ளே கிடையாது, தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது. கார்டு ஹை நா, அங்கிள்? அந்தக் கடைக்காரர் கேட்ட கார்டு எது என்பது இப்போது உறைத்தது. தசரா அன்று ஊரில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. முப்பத்தோரு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தவர், டெஸ்ட் பண்ணாமல் சந்தனம் வைத்துப் பூஜையில் உட்கார்த்தியிருக்கிறார்.

"உன் ஃபெலிக்ஸைக் கூப்பிடு" என்றார். வேறு மாதிரி சொல்லத்தான் நினைத்தார், வாயில் அப்படி வந்துவிட்டது.

ரமணி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ஆடி மாசம் உங்ககிட்டதான் மொதல்ல கேட்டேன். எந்த ப்ராசசர் வாங்கலாம்னு பேப்பரும் பேனாவுமா வந்து நின்னேன். இந்த வயசுல உனக்கு எதுக்குடி கம்ப்யூட்டர், ஃபோன் போறாதான்னேள். டிவிலேர்ந்து கண்ணை எடுக்கலை."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. ஆனால் அந்த வாக்கியம் அவருடையதுதான். வேறு யாரும் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

"நீங்களே போய்க் கூப்பிடுங்கோ" என்றாள்.

மாடிப்படிகள் அவர் நின்று கட்டியவை. அன்றைக்கு ஒவ்வொன்றும் உயரமாகத்தான் இருந்தது. ஃபெலிக்ஸ் இரண்டு வார்த்தை கேட்பதற்குள் புரிந்துகொண்டான். தன் மேஜைக்குக் கீழே குனிந்து, தான் விளையாடுகிற மெஷினைத் திறந்து, செங்கல் தடிமனுக்கு ஒரு கார்டைக் கழற்றினான். அது போன பிறகு அவன் மெஷின் எப்படி ஓடும் என்று கேட்காமலே பாலசுப்ரமணியன் முன்னால் படி இறங்கினார்.

கீழே வந்து மண்டியிட்டு மாட்டும்போது, ஓரத்தில் கிடந்த ப்ராசசர் டப்பாவை ஃபெலிக்ஸ் ஒரு முறை பார்த்தான்.

"கடைக்காரன் மாத்திக் குடுத்திருக்கான், அக்கா" என்றான் ஃபெலிக்ஸ், தலையைத் தூக்காமல். "அங்கிள் மேல தப்பில்ல."

ரமணி கணவரைப் பார்த்தாள். இல்லை, நான்தான் கேட்டு வாங்கினேன் என்று சொல்ல அந்த ஒரு நொடி போதும். "ஆமாம்" என்றார் பாலசுப்ரமணியன். "கூட்டம் வேற." திட்டியிருந்தால்கூட அவன் மேல் இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

பத்துக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது திரை வெளுத்தது. ஃபெலிக்ஸ் ஸ்க்ரூடிரைவரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் மாடிக்குப் போனான். ஒவ்வொரு கட்டமாகக் குழந்தைகள் முளைத்தன. "எல்லாரும் என்னைப் பாருங்கோ. இது அ" என்றாள் ரமணி. அந்தக் குரலை அவர் இதற்குமுன் கேட்டதில்லை. திரையின் மூலையில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது. அதன் அருகே, திறந்திருந்த பெட்டிக்குள்ளிருந்து ஃபெலிக்ஸின் கார்டு அடித்த வெளிச்சம் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி, சரஸ்வதி படத்தின் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.

பாலசுப்ரமணியன் தரையில் உட்கார்ந்தபடி பக்கத் தகட்டை எடுத்து மூடப் பார்த்தார். கார்டின் வயர் பிதுங்கிக்கொண்டு நின்றது, தகடு பொருந்தவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார், வெளிச்சம் அடங்கியது. கையை எடுத்தார், திறந்துகொண்டது. மறுபடியும் அழுத்தினார். இன்னும் ஐம்பத்தைந்து நிமிஷம் வகுப்பு இருந்தது.

"எங்கே, சொல்லுங்கோ" என்றாள் ரமணி. "ஆ."