சர்க்கரை எவ்வளவு?

கிரேக்கர்களை வீழ்த்தப் பாரசீகப் படை தேவையில்லை, துருக்கி சுல்தான் தேவையில்லை. ‘காபிக்குச் சர்க்கரை எவ்வளவு?’ என்று கேட்டால் போதும். எங்கள் இனத்தில் பிறந்த எவனும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர்ந்ததில்லை. வீட்டில் திருட வந்தவனிடம் கேட்டாலும் ‘மிதமா’ என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். பதில் சொன்னால் காபி வரும். காபி வந்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்து அடுத்தவன் காபியைக் குடிப்பவன் அவனோடு சண்டை போட முடியாது. மூவாயிரம் வருடத்தில் இதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான். அந்தக் கேள்விக்கு வாயைத் திறக்காமல் நிற்கக்கூடிய ஒரே கிரேக்கனும் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்காவது பதிவாகட்டும் என்று சொல்கிறேன்.

என் பெயர் அகிஸ். சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கோடை விடுமுறைக்குத் தீவுக்கு வந்தபோது அப்பா சமையலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். முப்பது வருடம் இந்தத் தீவின் ஒரே குப்பை லாரியை ஓட்டியவர். ஏப்ரலில் ஏதென்ஸில் அவருடைய வலது முழங்காலை மாற்றி வைத்திருந்தார்கள். தினமும் நாற்பது நிமிடம் இடுப்பளவுக் கடலில் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். நடக்காவிட்டால் கால் மடங்காமல் அப்படியே நின்றுவிடும்.

எங்கள் தீவில் கடலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாக் கரையும் பாறை. பாறை முழுக்கக் கடல் முள்ளெலி. ஊன்றுகோலோடு ஒருவர் இறங்கக்கூடிய மெத்தென்ற மணல் அர்மிராவில் மட்டும்தான் உண்டு. அர்மிராவில் மே மாதத்திலிருந்து ‘தபினோ’ என்ற கடற்கரை மதுக்கூடம் இருக்கிறது. தபினோ என்றால் எங்கள் மொழியில் எளியது. குடை நட்டு வாடகைக்கு விடும் சாய்வுக் கட்டில்கள் நாலு வரிசை. கடைசி வரிசையின் கால்கள் கடலுக்குள்ளேயே நிற்கும். நடுப்பகலில் ஆரம்பிக்கும் தாளம் சாயங்காலம்வரை மாறாது. வெள்ளைக் கால்சட்டை போட்ட ஒருவன் கட்டிலுக்குக் கட்டில் போய்ச் சாக்ஸபோன் ஊதுவான், யாருமே கேட்காமல். இரண்டு மணிக்கு ஒரு பெரிய பாட்டிலின் தலையில் மத்தாப்பு கொளுத்திக் கொண்டுவருவார்கள். அந்த வெயிலில் மத்தாப்பு எரிவது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் படுத்திருக்கிற இருநூறு பேரும் எழுந்து கைத்துணியைச் சுழற்றிக் கத்துவார்கள்.

ஜூனில் அப்பா தனியாக அங்கே போயிருக்கிறார். முதல் வரிசையிலேயே ஒருவன் நிறுத்தினான்.

“கட்டில் எடுத்திருக்கீங்களா?”

“இல்லப்பா, நான் கடலுக்குப் போறேன்.”

“அதான் கேக்கறேன். கட்டில் எடுத்திருக்கீங்களா?”

அப்பா திரும்பி வந்துவிட்டார். மூன்று வாரம் கால் தண்ணீரையே பார்க்கவில்லை. இதை அவர் என்னிடம் சொன்னது, நான் வந்து நாலு நாள் கழித்து, தக்காளி நறுக்கிக்கொண்டே, யாருக்கோ நடந்ததைப் போல. எனக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. அன்று மாலையே தபால்காரி மிர்ட்டோ அக்காவைப் போய்ப் பார்த்தேன். அவள்தான் ஊரின் கடற்கரைக் குழுவுக்குத் தலைவி.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் சேர்த்துப் பதினோரு பேர் துண்டுகளோடு அர்மிராவுக்குப் போனோம். திட்டம் எளிமையானது, தபினோவை விட எளிமையானது. சாலையோர மரத்திலிருந்து கட்டில்களுக்கு நடுவே நேராகத் தண்ணீர்வரை துண்டுகளை விரிப்பது. கட்டில்களை நகர்த்தி வழி விடும்வரை எழுந்திருக்காமல் இருப்பது. குளிர்காலத்தின் பெரிய அலை எதுவரை ஏறுமோ அதுவரை மணல் எல்லாருக்கும் பொது என்று சட்டம் சொல்கிறது. மனப்பாடமாகப் பிரிவு எண்ணோடு வைத்திருந்தேன். மிர்ட்டோ அக்கா ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தாள்.

“தபினோ ஒழிக!” என்று அவள் ஒரு முறை கத்தினாள். இசை நடுவில் அது ஒரு பாட்டுப்போல ஒலித்தது. இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் ஆடினார்கள்.

அப்போது தபினோவின் முதலாளி வந்தான். வெள்ளைச் சட்டை, வெறுங்கால். பெயர் ஸ்ட்ராட்டிஸ். வேறு யாருமில்லை. ஆறு வருடம் அப்பாவின் குப்பை லாரிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வந்து தொட்டி கவிழ்த்தவன். காவலாட்களைக் கூப்பிடுவான், போலீஸைக் கூப்பிடுவான் என்று எதிர்பார்த்து நான் தொண்டையைச் செருமி வைத்திருந்தேன். அவன் நேராக அப்பாவிடம் போய் இரு கன்னத்திலும் முத்தமிட்டான்.

“பன்டெலி அண்ணே! கால் எப்படி இருக்கு? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றவன் மிர்ட்டோ பக்கம் திரும்பினான். “மிர்ட்டோ, இந்த வெயில்ல தொண்டை என்னத்துக்காகும். ஐஸ் காபிக்குச் சர்க்கரை எவ்வளவு?”

அக்கா ஒலிபெருக்கியைக் கீழே இறக்கினாள். இறக்காமலேயே அதற்குள் பேசியிருந்தாள் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

“மிதமா.”

“அக்கா!”

“என்னடா? கேட்டான், சொன்னேன். காபிக்கும் கொள்கைக்கும் என்ன சம்பந்தம்?”

“உங்களுக்கு, ஹெட்மாஸ்டர் சார்?” என்றான் ஸ்ட்ராட்டிஸ்.

“எனக்குச் சர்க்கரை வேண்டாம்ப்பா” என்றார் ஃபோட்டிஸ் சார். எனக்கும் அவனுக்கும் பாடம் எடுத்தவர்.

“சார், வேணாம்னு சொல்ல ஒரு நல்ல சந்தர்ப்பம் வந்துச்சு. நீங்க அதைச் சர்க்கரைக்கு மட்டும் சொல்லிட்டீங்களே!” என்றேன் நான்.

“பேச்சு மட்டும் குறைச்சல் இல்ல. கணக்குல நீ எத்தனை வாங்கினேன்னு எல்லாருக்கும் சொல்லட்டுமா?”

பேக்கரிக்காரர் மனைவி மேலே கொஞ்சம் பட்டைத்தூள் தூவச் சொன்னாள். அவள் கணவர் இரண்டு கரண்டி கேட்டுவிட்டு, மருத்துவர் காதில் விழக்கூடாது என்பதுபோல் சுற்றிப் பார்த்தார். காபி வந்தது, உயரமான கண்ணாடிக் கோப்பைகளில். உயரமான கோப்பை மணலில் நிற்காது. மேசையில் வைக்க வேண்டும். மேசைகள் கட்டில்களுக்கு நடுவில்தான் இருக்கின்றன. எனவே ஒவ்வொருவராகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்கள். பத்தே நிமிடத்தில் ஒன்பது பேர். விரிப்பு மணலாகிவிடக் கூடாதே என்று போராட்டத் துண்டுகளை எடுத்து அடியில் போட்டுக்கொண்டார்கள். அந்த நாகரிகத்தைப் பார்த்து நான் கத்தினேன்.

“நல்லா உறிஞ்சுங்க. ஸ்ட்ரா அடிவரைக்கும் போகுது பாருங்க, உங்க தைரியம் மாதிரி இல்லாம. அடுத்த வாரம் அவன் தேவாலயத்துல நாலு கட்டில் போடட்டும். கேக் கேளுங்க, குடுப்பான்.”

“கேக் இருக்கா?” என்றார் பேக்கரிக்காரர், தொழில் ஆர்வத்தில்.

ஸ்ட்ராட்டிஸ் என் முன்னால் வந்து நின்றான். “வக்கீல் தம்பி, உனக்கு எவ்வளவு?”

நான் பேசவில்லை.

“காதுல விழலையா? சர்க்கரை.”

“குளிர்காலத்துப் பெரிய அலை எதுவரைக்கும் வருதோ...”

“வரட்டும் தம்பி. ஜனவரில வரும். அப்ப நான் ஏதென்ஸ்ல இருப்பேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நம் ஆட்களும்தான். குறிப்பாக நம் ஆட்கள்.

இதற்குள் அப்பா நடக்க ஆரம்பித்திருந்தார். ஊன்றுகோலை ஊன்றி, கட்டில்களுக்கு நடுவே. இரண்டு கட்டிலுக்கு நடுவில் ஒரு கால் போகலாம்; ஒரு காலும் ஒரு கோலும் போக முடியாது. பக்கவாட்டில் திரும்பித் திரும்பி, மன்னிப்புக் கேட்டுக் கேட்டு, இரண்டு வரிசை தாண்டிவிட்டார். நான் ஓடிப் போய் அவருக்கு முன்னால் கிடந்த கட்டிலைப் பிடித்து இழுத்தேன். கோபத்தில் அதில் ஆள் இருப்பதைப் பார்க்கவில்லை. இறால் நிறத்துக்கு வெந்திருந்த ஒரு பெரிய மனிதர் தூக்கத்திலிருந்து கண்ணைத் திறந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். அவர் என்னைப் பார்த்து மகிழ்ச்சியோடு தலையாட்டி, ‘இன்னும் கொஞ்சம் நிழல் பக்கம்’ என்று கையால் காட்டினார். கட்டில் நின்றதும் நன்றி சொல்லித் தன் காலிக் கோப்பையை என் கையில் கொடுத்தார்.

“தம்பி, நல்லா இழுக்கறே!” என்றான் ஸ்ட்ராட்டிஸ் தூரத்திலிருந்து. “வெயிட்டர் வேலை காலியா இருக்கு!”

கோப்பையை எங்கே வீசுவது என்று திரும்பியபோது அப்பாவைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் நின்றுவிட்டிருந்தார். ஊன்றுகோல் ஈர மணலில் பாதிவரை இறங்கியிருந்தது. ஒரு கையால் குடைக் கம்பைப் பிடித்திருந்தார். முழங்காலில் தையல் தழும்பு பயணப்பை ஜிப் மாதிரி நீளமாக இருந்தது. அதைச் சுற்றி உருண்டையாக வீங்கியிருந்தது. கடல் அங்கிருந்து ஆறு காலடிதான்.

“அப்பா, திரும்பாதீங்க. நேரா போங்க. இது நம்ம உரிமை.”

“டேய்” என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. “எனக்கு உரிமை வேணாம்டா. தண்ணி வேணும்.”

ஸ்ட்ராட்டிஸ் வந்துவிட்டான். இப்போது அவன் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“அண்ணே, தண்ணிக்குள்ள நிக்கற வரிசையில ஓரக் கட்டில் உங்களுக்கு. செப்டம்பர் வரைக்கும். தினமும் வாங்க. நானே பிடிச்சு இறக்கறேன், நானே பிடிச்சு ஏத்தறேன். ஒருத்தன் ஒரு கேள்வி கேக்க மாட்டான்.”

“மத்தவங்க?” என்றேன்.

“மத்தவங்க முழங்காலுக்கு என்ன? நல்லாத்தானே உக்காந்திருக்காங்க.”

“அப்ப வழி?”

“வழியெல்லாம் கிடையாது தம்பி. ரெண்டு கட்டிலை எடுத்தா நாளைக்கு நாப்பது எடுக்கணும். அண்ணனுக்குக் கை குடுக்கறேன். வழி குடுக்கல.”

இப்படிப் பச்சையாகச் சொன்னான். பொய் சொல்லியிருந்தால் மூஞ்சியில் காறித் துப்பியிருப்பேன். அப்பா ‘போடா ஸ்ட்ராட்டி’ என்று ஒரு வார்த்தை சொல்வார், லாரி ஓட்டும்போது வழிமறித்த கார்க்காரர்களிடம் சொன்னதுபோலச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லு. சரின்னா இறங்கறேன். இல்லன்னா வீட்டுக்குப் போலாம். உன்கூட வந்தேன், உன்ன விட்டுட்டு உக்கார மாட்டேன்.”

அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்பது பேரும் ஸ்ட்ராவை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் பேச்சு தயாராக இருந்தது. பொதுச் சொத்து பற்றி, அதைத் தாரை வார்ப்பவர்கள் பற்றி, அவர்கள் குடிக்கும் பானம் பற்றி. அப்பாவின் கை நடுங்கியது. அவர் பிடித்திருந்ததால் கம்பு நடுங்கியது, மேலே குடை நடுங்கியது, மணலில் அதன் நிழல் முழுக்க நடுங்கியது.

சரியா இல்லையா என்று ஸ்ட்ராட்டிஸ் கேட்கவில்லை. அப்பாவின் முழங்கைக்கு அடியில் தோளைக் கொடுத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலேயே கேட்டான்.

“சர்க்கரை எவ்வளவு, தம்பி?”

“மிதமா.”

“என்ன? பாட்டுல கேக்கல.”

“மிதமா!”

கடைசி வரிசையில் ஒரு கட்டிலை அவன் இடுப்பால் தள்ளி ஒதுக்கினான். இருவரும் அதன் வழியே போனார்கள். கட்டில் தானாகப் பழைய இடத்துக்கு மிதந்து வந்து வழியை மூடிக்கொண்டது. கணுக்கால், ஆடுதசை, தழும்பு, தொடை. இடுப்பளவு வந்ததும் அப்பா ஊன்றுகோலை விட்டார். அது மிதந்தது. அவர் ஒரு காலை எடுத்து வைத்தார், பிறகு மாற்றிய காலை. முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த முதுகு கூன் நிமிர்ந்துகொண்டிருந்தது.

மிர்ட்டோ அக்கா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கடலுக்குள்ளிருந்து, அப்பாவின் இரு கைகளையும் பிடித்தபடியே, ஸ்ட்ராட்டிஸ் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

“பால்?”

நான் உட்கார்ந்தேன்.

“கொஞ்சம்.”