கடைசியாகப் பிறந்தவள்

"பங்கு கேட்டு கோர்ட்டுக்குப் போனவளுக்குப் பிறந்த வீடு கெடையாது. ஏ செல்லக்கிளி, ஓம் மக சத்யபிரியாவுக்குத் தாய்மாமன் சீருன்னு எங்கிட்ட வந்து நின்னுறாத."

எம்.ரெட்டியபட்டிப் புஞ்சையில், கோர்ட்டு அனுப்பிய வக்கீலும் சர்வேயரும் ஊர்க்காரர்களும் பார்க்க, என் மூத்த அண்ணன் அழகுராஜா இப்படித்தான் ஆரம்பித்தான். அவனுக்கு இனி என்ன மரியாதை!

அப்பா கண்ணை மூடியதும் அவனும் சின்ன அண்ணன் விஜயபாண்டியும் நிலத்தை இரண்டாகப் பிரிக்கப் பார்த்தார்கள். புருஷன் போன பிறகு நான் அருப்புக்கோட்டையில் வாடகை வீட்டில் இருந்து, தறி ஓட்டிப் பிள்ளையை வளர்க்கிறேன். எனக்கென்று ஒரு சாண் இடம் வேண்டாமா? வழக்குப் போட்டேன். மூவருக்கும் சமபங்கு என்று தீர்ப்பாகிவிட்டது. யாருக்கு எந்தத் துண்டு என்பதுதான் பாக்கி.

அழகுராஜாதான் பிரித்தான். கிணறு இருக்கும் துண்டு ஒன்று, பஸ் ரோட்டை ஒட்டியது ஒன்று, சீமைக்கருவேலம் மண்டிய களர் ஒன்று. விஜயபாண்டி கிணற்றை எடுப்பான், இவன் ரோட்டை எடுப்பான், தண்ணீரை இருவரும் பாய்ச்சிக்கொள்வார்கள். முள்ளுக்காடு என் தலையில். இவர்கள் கள்ளத்தனம் எனக்குத் தெரியாதா! அப்போதுகூட மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி பேரில் வாங்கிய பக்கத்து நிலத்தில் அழகுராஜா போட்டிருந்த பருத்திக்கு அந்தக் கிணறுதான் கதி.

"வக்கீல் சார், ஊர்முறைப்படியே போவோம். மூத்தவன் பிரிக்கணும், கடைசியாப் பெறந்தது மொதல்ல எடுக்கணும். பெறகு மாத்திப் பேசக் கூடாது. எல்லாரும் சாட்சி" என்றான்.

விஜயபாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுப் பக்கம் நகர்ந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"எங்க போறீக? கடைசியாப் பெறந்தவ நானு."

வீட்டில் ஆண்பிள்ளைகளை மட்டுமே எண்ணிப் பழகிய அழகுராஜா, இன்றும் அப்படியே எண்ணிவிட்டான்.

"பொம்பளைக்கு ஏது முறை?" என்று கத்தினான்.

"கோர்ட்டு என்னையும் சேத்துத்தான் எண்ணுச்சு. கிணத்துத் துண்டு எனக்கு."

வக்கீல் தலையாட்டினார். விஜயபாண்டி தன் அண்ணன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப ரோட்டுத் துண்டு எனக்கு" என்றான்.

"ஏலே துரோகி! நாம பேசுனது என்னடா?" அழகுராஜா அவன் சட்டையைப் பிடித்தான். ஊர்க்காரர்கள் விலக்கிவிட்டார்கள்.

பிறகு என்னிடம் வந்தான். குரல் இறங்கியிருந்தது. "பருத்தி காயும் பூவுமா நிக்கி. தண்ணிய மட்டும் நிப்பாட்டிறாத."

"சரிண்ணே. ஊருக்கு முன்னால சொல்லுங்க. சத்யபிரியாவுக்குத் தாய்மாமன் யாரு?"

காறித் துப்பிவிட்டு நடந்தான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடப் பிறந்தவன்தானே. நேரே மோட்டார் ரூமுக்குப் போய் சுவிட்சை அணைத்தேன்.