மூன்று விரல் உயரம்

திருக்கனூர்க் கடைத்தெருவைத் தாண்டி விழுப்புரம் செல்லும் சாலையோரத்தில், லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடை ஒன்று இருக்கிறது. அதன் கண்ணாடி அறைக்குள் பகல் முழுவதும் அமர்ந்திருப்பவர் லூர்து பிரகாஷ். கரும்போ, நெல்லோ, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையோ, எந்தச் சரக்கு வந்தாலும் அவர் சொல்லும் எடைக்கு அந்த வட்டாரத்தில் மறுபேச்சு இல்லை. விற்க வந்தவர் கூட்டிப் போடச் சொல்வார்; வாங்க வந்தவர் குறைத்துப் போடச் சொல்வார். இருவருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்.

“மேடை சொல்றதத்தான் நான் சொல்வேன்பா. எனக்குன்னு தனியா ஒரு எடை தெரியாது.”

அப்படிப்பட்ட மனிதர், மே மாதப் பிற்பகல் ஒன்றில், ஒரு லாரி போய் மறு லாரி வருவதற்குள் கைப்பேசித் திரையைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் சிறியதுதான். சென்னைச் சாலையில் உள்ள விளையாட்டுப் பூங்காவுக்கு அவர் குடும்பமும், மனைவியின் அண்ணன் ராஜ்மோகன் குடும்பமும் ஒரே வேனில் போவதாகப் பேச்சு. அவரவர் டிக்கெட்டை அவரவர் கைப்பேசியில் எடுத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கான டிக்கெட்டுகளை எடுத்தாயிற்று. மகன் லியோவுக்கு எதை எடுப்பது என்பதில்தான் விரல் நின்றுவிட்டது. உயரம் நூற்று நாற்பது சென்டிமீட்டருக்குக் குறைவென்றால் குட்டி டிக்கெட். கையில் மஞ்சள் பட்டை கட்டுவார்கள். சிறுவர் ராட்டினங்களில் மட்டும் ஏறலாம். அதற்கு மேலென்றால் முழு டிக்கெட், நீலப் பட்டை, எல்லாவற்றிலும் ஏறலாம். லியோ அந்த அளவுக்கு மூன்று விரல் குறைவு.

மஞ்சளைத் தொட்டுவிட்டால் முடிந்தது. விலையும் குறைவு. ஆனால் லூர்து பிரகாஷின் கண் முன்னே வில்லியனூர் மாமியார் வீட்டுத் தாழ்வாரத் தூண் வந்து நின்றது.

ஆண்டுதோறும் வில்லியனூர் மாதா கோயில் தேர்த்திருவிழா முடிந்து விருந்துக்கு உட்காருமுன், அந்தத் தூணடியில் பிள்ளைகளை முதுகோடு முதுகு ஒட்டி நிறுத்தி யார் உயரம் என்று பார்ப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். ராஜ்மோகனின் மகள் ஆனி மேரிக்கும் லியோவுக்கும் ஒரே வயது. இந்த ஆண்டு அவள் தோளுக்குத்தான் லியோவின் காது எட்டியது. உறவெல்லாம் கூடியிருக்க, ராஜ்மோகன் வாய்விட்டுச் சிரித்தார்.

“இன்னா மாப்ள, என் பொண்ணு பக்கத்துல மருமவன் நிக்கணும்னா ஸ்டூலு ஒண்ணு வாங்கணும் போல. ரேஷன்ல சோறு போடறியா?”

எல்லோரும் சிரித்தார்கள். லூர்து பிரகாஷும் சிரித்தார். அன்று அவர் சாப்பிட்ட பிரியாணி மட்டும் நெடுநேரம் நெஞ்சிலேயே நின்றது.

வெளியே லாரியின் ஒலிப்பான் அலறியது. அவர் நீலத்தைத் தொட்டுவிட்டார்.

மாலையில் வீட்டுக்கு வந்து சொன்னதும் மனைவி மரிய செலின் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

“முழு டிக்கெட்டா? அங்க அளந்து பாப்பாங்களே.”

“பாக்கட்டும். ஷூ போட்டா ஒசரமாத்தான் இருப்பான்.”

“எந்த ஊரு ஷூ மூணு விரல் ஒசரம்? குட்டி டிக்கெட்டே போட வேண்டியதுதான? காசு அதிகம் குடுத்து யாராச்சும் பொய் சொல்லுவாங்களா?”

“ஆனி மேரி மேல சுத்துவா. இவன் கீழ மூணு வயசுப் பசங்களோட தண்ணியில வாத்து பொம்ம மேல ஒக்காந்துனு போவணும். ஒங்கண்ணன் அத போட்டோ புடிச்சி அடுத்த திருவிழா வரைக்கும் காட்டுவாரு. அதான் வேணுமா ஒனக்கு?”

செலின் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணனை அவளும் அறிந்தவள்தான்.

லூர்து பிரகாஷ் தேய்ந்த ஹவாய் செருப்புகள் சிலவற்றை எடுத்தார். லியோவின் ஷூவை அவற்றின்மேல் வைத்துக் கோடு கிழித்து, குதிகால் பகுதியை மட்டும் வெட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டி ஷூவுக்குள் செருகினார். லியோ அதைப் போட்டுக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தபடி நின்றான்.

“அப்பா, சரியறாப்ல இருக்குது.”

“பழகிடும். நிமிந்து நில்லு.”

“அவங்க ஷூவக் கழட்டச் சொன்னா இன்னா பண்றது?”

லூர்து பிரகாஷ் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். “ஏன்டா இப்பவே பயப்படற” என்று மட்டும் சொன்னார். அந்தக் கேள்வி பையனைவிட்டு அவருக்குள் குடியேறிக்கொண்டது.

ஓர் ஏரித் தவளைகளின் கதை உண்டு. அண்டை ஏரி நிரம்பியும் தங்கள் ஏரி பாதியளவே நிரம்பியிருந்தது அவற்றுக்கு மானக்கேடாக இருந்தது. மதகின் அருகே நீர்மட்டம் காட்ட நட்டிருந்த கல்லை எல்லாத் தவளைகளும் கூடி மிதித்துச் சேற்றுக்குள் இறக்கின. ‘நிரம்பியது’ என்னும் கோடு தண்ணீரைத் தொட்டது. தவளைகள் அண்டை ஏரிக்குக் கேட்கும்படி ஆரவாரம் செய்தன. பின்பு கார்த்திகை மழை வந்தது. மதகை எப்போது திறப்பது என்று சொல்ல வேண்டிய கல் சேற்றில் இறங்கி நீருக்குள் மறைந்துவிட்டது; யாரும் மதகைத் திறக்கவில்லை. கரை உடைந்தபோது வெள்ளம் முதலில் அடித்துக்கொண்டு போனது, அந்தத் தவளைகளின் தலைப்பிரட்டைகளைத்தான்.

குறித்த நாளில் வேன் புறப்பட்டது. ராஜ்மோகன் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். அந்தப் பூங்காவில் ‘கழுகு’ என்றொரு ராட்டினம் இருக்கிறதாம். கால்கள் அந்தரத்தில் தொங்க, ஆளைத் தலைகீழாகப் புரட்டி எடுக்குமாம்.

“எம்பொண்ணு மொத வரிசையில ஒக்காருவா. மருமவனே, நீ எப்படி? வாத்தா, கழுகா?”

“கழுகுதான் மாமா” என்றான் லியோ, தகப்பன் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

ஆனி மேரி சன்னலோரம் பேசாமல் இருந்தாள். அவள் தாய் ரோஸ்லின் நீட்டிய இட்லியையும் வேண்டாமென்று தள்ளினாள். அதை ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

லூர்து பிரகாஷின் கவனமெல்லாம் மகனின் ஷூவிலேயே இருந்தது. மரக்காணத்துக்கு அப்பால் தேநீர் குடிக்க இறங்கியபோது, லியோ குதிகாலைத் தூக்கித் தூக்கி வைப்பதைக் கண்டார். “நல்லா நட” என்று காதோடு சொன்னார். நுழைவாயில் நெருங்க நெருங்க அவர் மகனிடமிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார். எடை கூட்டுவதற்காக மூட்டையை நனைத்து எடைமேடைக்குக் கொண்டுவரும் ஆட்கள், தம்மைப் பார்க்காதது போல வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பதை அவர் எத்தனையோ முறை கண்டிருக்கிறார். இப்போது தாமும் அப்படித்தான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவருக்கே புரிந்தது.

வாயிலில் அளவுகோல் நட்டிருந்தார்கள். பட்டை கட்டும் பெண் லியோவை அதன்முன் நிறுத்தினாள். “நிமிந்து நில்லுடா” என்று லூர்து பிரகாஷ் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“எல்லாரும் கொழந்தைங்கள முட்டிய மடக்கி நில்லுன்னு கிள்ளுவாங்க சார். நிமிந்து நில்லுன்னு சொல்ற அப்பாவ இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

அவள் பையனின் முழங்காலைப் பார்த்தாள். அது வளையவில்லை. ஷூவைப் பார்க்கவில்லை. ஆதாயம் இருக்கும் பக்கத்தில்தானே காவல் இருக்கும். விலை அதிகமான டிக்கெட்டுக்காக ஒருவர் பொய் சொல்வார் என்று அவள் எப்படி நினைப்பாள்? நீலப் பட்டை லியோவின் மணிக்கட்டில் ஏறியது.

“பாத்தியா மாப்ள, மருமவன் ஒரே மாசத்துல வளந்துட்டான்” என்று ராஜ்மோகன் முதுகில் தட்டினார். லூர்து பிரகாஷ் எதிர்பார்த்திருந்த சொல் அதுதான். அது காதில் விழுந்தபோது இனிக்கவில்லை.

கழுகின் வரிசை நீண்டிருந்தது. லூர்து பிரகாஷுக்குத் தலைசுற்றல் உண்டு. ஆகவே அவர் மனைவியுடன் வேலிக்கு வெளியே நின்றார். ரோஸ்லின் நிழலில் பைகளுக்குக் காவல். ராஜ்மோகன் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மேடை ஏறினார். மேலே ஒரு கூட்டத்தைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது கழுகு. அதன் அலறல் தலைக்கு மேல் வந்து போகும்போதெல்லாம் செலின் கழுத்திலிருந்த ஜெபமாலையைப் பற்றிக்கொண்டாள்.

“என்னமோ மாதிரி இருக்குதுங்க. கூப்ட்டுடுங்க அவன.”

“எல்லாம் கம்பி போட்டுத்தான் ஒக்கார வெப்பாங்க. சும்மா இரு.”

முறை வந்தது. முதல் வரிசையில் ராஜ்மோகன், அடுத்து ஆனி மேரி, ஓரத்தில் லியோ. பணியாள் ஒருவன் பட்டைகளின் நிறத்தைப் பார்த்தபடி, தலைக்கு மேலிருந்த தோள்கம்பிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பூட்டிக்கொண்டு வந்தான். ராஜ்மோகனின் தோளில் கம்பி அழுந்தியது. ஆனி மேரியின் தோளிலும் அழுந்தியது. லியோவுக்கும் கம்பி இறங்கியது. ‘டக்’ என்று பூட்டும் விழுந்தது. ஆனால் கம்பிக்கும் அவன் தோளுக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தது.

லூர்து பிரகாஷ் அந்த இடைவெளியைப் பார்த்தார். மூன்று விரல்.

எடைமேடைக்கு வரும் கரும்பு லாரிகளில் அவர் முதலில் பார்ப்பது கயிற்றைத்தான். கயிறு சரக்கைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால், எடை போட்ட பிறகும் வண்டியை நகரவிட மாட்டார். போன அறுவடையில் அவர் பேச்சைக் கேளாமல் போன ஒருவனின் வண்டி, வளைவில் பாரமெல்லாம் ஒரு பக்கம் சரிந்து வாய்க்காலில் கிடந்ததைக் கண்ணால் கண்டவர் அவர்.

குதிகாலை உயர்த்தலாம், தோளை உயர்த்த முடியாது. உட்கார்ந்த பிள்ளைக்குச் செருப்புத் துண்டு எந்த உயரத்தையும் தரவில்லை.

புறப்பாட்டு மணி அடித்தது.

அடுத்த கணம் லூர்து பிரகாஷ் வேலியின் மேலிருந்தார். சட்டை கிழிந்ததை அவர் அறியவில்லை. “நிறுத்துப்பா, நிறுத்து, எம்புள்ள, ஓரத்துல, நிறுத்து” என்று கத்திக்கொண்டே மேடையை நோக்கி ஓடினார். பணியாள் பதறி விசையிலிருந்து கையை எடுத்தான்.

“இன்னா சார் இது, உள்ள வரக் கூடாது. எல்லாம் செக் பண்ணியாச்சு. பையன் நீலப் பட்டதான் கட்டியிருக்கான்.”

“பட்ட பொய்ப்பா.” அவருக்கு மூச்சு வாங்கியது. “அவன் ஒசரம் அது இல்ல. நான்தான் ஷூவுக்குள்ள வெச்சி அனுப்பனேன். எறக்கிவிடு.”

வரிசை முழுவதும் அதைக் கேட்டது. யாரோ, “படிச்ச ஆளு மாதிரி இருக்காரு, அறிவு வேணாம்?” என்றார். இன்னொருவர் வெயிலில் நிற்க வைப்பதாகச் சலித்துக்கொண்டார். பணியாள் கம்பியைத் தூக்க, அத்தனை பேர் முன்னிலையில் லியோ இறங்கிக் கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். செருப்புத் துண்டுகள் வெளியே விழுந்தன. குதிகால் தோலுரிந்து சிவந்திருந்தது.

அப்போது ஆனி மேரியின் குரல் வந்தது. “அண்ணே, என் கம்பியையும் தூக்குங்க.”

“உனக்கு இன்னாடி வந்துது? நீதான் ஒசரம் சரியா இருக்கியே” என்றார் ராஜ்மோகன்.

“எனக்குப் பயமா இருக்குதுப்பா. வூட்லயே சொன்னேன், குட்டி டிக்கெட்டு போடுன்னு. நீதான் ‘ஒட்டகச்சிவிங்கி மாதிரி வளந்துட்டு வாத்து மேல ஒக்காருவியா’ன்னு கேட்ட.” அவள் உதடு துடித்தது. “லியோவுக்கு ஒசரம் பத்தல. எனக்கு ஒசரம் இருக்குது, தைரியம் பத்தல. அதுக்கு இன்னா பண்றது?”

ராஜ்மோகன் அவள் கம்பியைத் தூக்கச் சொல்லிப் பணியாளுக்குக் கைகாட்டினார். தாமும் இறங்கி வந்தார்.

நுழைவாயிலுக்குத் திரும்பி நடக்கும்போது லியோ வெறுங்காலுடன் தகப்பனின் விரலைப் பிடித்திருந்தான். சுடுதரை. லூர்து பிரகாஷ் அவனைத் தூக்கிக்கொண்டார்.

“அப்பா, நான் கட்டையா இருக்கறது ஒனக்கு வெக்கமா?”

அவர் நின்றுவிட்டார். 

“இல்லடா ராஜா. ஊரு சிரிச்சிதேன்னு எனக்கு வெக்கம். அந்த வெக்கத்தத்தான் ஒன் ஷூவுக்குள்ள வெச்சி அனுப்பிட்டேன். வலிச்சிது ஒனக்கு.”

பட்டை கட்டும் பெண்ணிடம் அவர் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. மறுபேச்சின்றி நீலத்தை வெட்டி மஞ்சளைக் கட்டினாள். தனக்கும் மஞ்சளே வேண்டுமென்று ஆனி மேரி கையை நீட்டினாள். “உனக்கு நீலமே இருக்கட்டும்மா, அதுலயே சின்ன ராட்டினமும் போலாம்” என்றாள் அந்தப் பெண்.

சற்று நேரத்தில், முழங்கால்கள் தாடையை முட்ட ஆனி மேரியும், அவளுக்குப் பின்னால் லியோவும், ஆளுக்கொரு வாத்தின்மேல் தண்ணீரில் சுற்றி வந்தார்கள். லியோ தண்ணீரை வாரி அவள் முதுகில் அடித்தான். வேனில் ஏறியதிலிருந்து அவள் அப்போதுதான் சிரித்தாள். ராஜ்மோகன் பழக்கத்தில் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கப் போனார். பிறகு சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார்.

“மாப்ள, அடுத்த திருவிழாவுல தூண்கிட்ட யாரும் நிக்க வேணாம். நேரா சாப்பிட ஒக்காருவோம்” என்றார் தணிந்த குரலில்.

லூர்து பிரகாஷ் கையிலிருந்த செருப்புத் துண்டுகளைக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

“நிக்கட்டும் மச்சான். அளக்கறது தப்பில்ல, என் பொழப்பே அதுதான். அளவ வெச்சி புள்ளைங்களப் பாத்துச் சிரிக்கறதுதான் தப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்து அளவையே ஏமாத்தறது அதவிடப் பெரிய தப்பு. வாசல்ல நட்டிருக்காங்களே கோலு, அது நம்ம கவுரவத்த அளக்க நட்டது இல்ல. புள்ளைங்க உசுரக் காக்க நட்டது. அத ஏமாத்தறவன் பார்க்குக்காரன ஏமாத்தல மச்சான். பெத்த புள்ளையத்தான் ஏமாத்தறான்.”