நான்காம் வாரத்தோடு நின்றவர்கள்

"அந்தப் பதினோரு வரியையும் எடுத்துடும்மா" என்றார் பேராசிரியர். மறுநாள் காலை நிதி தரும் நிறுவனத்துக்கு அறிக்கை போயாக வேண்டும். "பாதியில ஓடினவங்க. அக்கறை இருந்தா வந்திருப்பாங்கல்ல?"

அவள் தலையாட்டினாள். ஆய்வாளராகச் சேர்ந்து எட்டு மாதம். இதுவரை தலையாட்டத்தான் பழகியிருந்தாள்.

பயமும் பதற்றமும் வாட்டும் குழந்தைகளின் பெற்றோருக்கு எட்டு வாரப் பயிற்சி. வந்தவை நாற்பது குடும்பங்கள், முடித்தவை இருபத்தொன்பது. மீதிப் பதினோரு குடும்பங்களின் வரிகளை அழித்துவிட்டால் ஒருவரும் பாதியில் நிற்கவில்லை என்றாகிவிடும்.

அழிக்கும் முன் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். பதினோரு கையெழுத்தும் ஒரே இடத்தில் நின்றிருந்தன. நான்காம் வாரம்.

அது படம் போடும் வாரம். அம்மாவோ அப்பாவோ பிள்ளையோடு விளையாடுவதைப் படமெடுத்து மற்றவர்கள் முன் ஓட்டுவார்கள். பிள்ளையை அதட்டும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பவர்கள் ஒரு விரலை மடக்க வேண்டும். யோசனை பேராசிரியருடையது. மடக்கச் சொல்லிக்கொடுத்தவள் இவள்.

முதல் எண்ணுக்குப் போன் செய்தாள். எடுத்தது சலவைக் கடையில் இஸ்திரி போடும் அம்மா. மகளுக்கு ஏழு வயது. வீட்டில் வாய் ஓயாதவள், பள்ளிக்கூடத்தில் வாயே திறக்காதவள். ஏன் பயிற்சிக்கு வரவில்லை என்று இவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஒரு ரூமே என்னைப் பார்த்து விரல் மடக்குச்சு கண்ணு. எண்றதுக்குக் கை பத்தலன்னார் ஒருத்தர். எல்லாரும் சிரிச்சாங்க. அது கெடக்கட்டும். மூலையில உக்காந்து எம்பொண்ணும் பார்த்தாள்ல?" இஸ்திரிப் பெட்டி வைக்கும் சத்தம் கேட்டது. "இப்ப நான் வாயத் திறந்தா விரலை மடக்குறா. சாப்பிட வாடின்னா ஒண்ணு, தூங்குடின்னா ரெண்டு. பத்து ஆனதும் எந்திரிச்சுப் போயிடுறா. வீட்லயும் பேச்சு நின்னு போச்சு."

"மன்னிச்சிடுங்கக்கா."

"நீதானே கண்ணு சொல்லிக்குடுத்தே."

அதில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

மீதிப் பத்துப் பேரையும் கூப்பிட்டாள். எட்டுப் பேர் எடுத்தார்கள். ஒரு அப்பா திட்டித் தீர்த்தார். ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள். பாதிக் கோபம் பேராசிரியர் மேல், பாதி விரல் மடக்கிக் காட்டிய தன் கையின் மேல்.

காலையில் பேராசிரியரின் மேசையில் இருந்த அறிக்கையில் நாற்பது வரிகளும் இருந்தன. கீழே, நான்காம் வாரம் பற்றித் தனியாக ஒரு பக்கம்.

"இதை அனுப்பலயே?"

"ஏழு மணிக்கே அனுப்பிட்டேன், சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆடத் தெரியாதவங்க மேடை கோணல்னா, அதையும் எழுதி அனுப்புவியா? அக்கறையே இல்லாத ஜனம்மா அது. எனக்கு இல்லாத அக்கறை உனக்கு வந்துடுச்சா? உன் வேலையை நீட்டிக்கக் கையெழுத்துப் போடுறவன் நான். உன்மேல இருக்கற அக்கறையிலதான் சொல்றேன்..."

அவர் பார்வை மேசைக்கு இறங்கியது. அவளுடைய வலது கை அங்கே இருந்தது. மூன்று விரல்கள் மடங்கியிருந்தன.

"என்ன பண்றே?"

"எண்றேன், சார்" என்றாள். "நீங்க சொல்லுங்க."