கோட்டு போட்ட தாத்தா

வாய்க்கரிசிக்குப் பச்சரிசியைத் தாம்பாளத்தில் கொட்டிக்கொண்டிருந்தபோது புனிதாவின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. கையெல்லாம் அரிசி, எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. எதிர்வீட்டுத் தனேஸ்வரி அக்கா சாவு வீட்டுக்கு வந்த தலைகளை எண்ணி முடித்துவிட்டு, யார் போன் எத்தனை தரம் அடிக்கிறது என்பதை எண்ணத் தொடங்கியிருந்தாள்.

"பாருலா, வெளியூர்க்காரங்களா இருக்கப் போவுது."

சரளாதான், ஃபேஸ்புக்கில் கிடைத்த சொந்தம். சிம்பாங் பூலாயிலிருந்து அப்பாவைக் காரில் ஏற்றிக் கிளம்பிவிட்டாளாம். அவருக்கு முட்டி வலி, மெதுவாகத்தான் வரமுடியும், பெட்டியை மூடிவிட வேண்டாம் என்று எழுதியிருந்தாள். கீழே கும்பிடும் கை இரண்டு.

பெட்டி முன்கூடத்தில் இருந்தது. அதற்குள் ஐயாவு, எழுபத்திரண்டு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மூன்று வார ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஒருவழியாகக் கால் நீட்டிப் படுத்திருந்தார். கால் நீட்ட இடம் கிடைக்காதவள் புனிதாதான். அந்த மூன்று வாரமும் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கியவள். தம்பி தனேஷ் நேற்று மத்தியானம் சிங்கப்பூரிலிருந்து வந்திறங்கி, அழுது, முகம் கழுவி, இப்போது வாசலில் கூடாரம் போட்டவனிடம் நாற்காலி போதவில்லையென்று அதிகாரம் செய்துகொண்டிருந்தான். புந்தோங் வட்டாரத்தில் இது சகஜம். கூட இருந்தவர்களுக்கு அழத் தெம்பிருக்காது. தூரத்திலிருந்து வந்தவர்கள்தான் நன்றாக அழுவார்கள்.

பெட்டிக்கு நேர் மேலே சுவரில் தாத்தா இருந்தார். கறுப்புக் கோட்டு, வெள்ளை வேட்டி, வெறுங்கால். ஒரு வட்ட மேசைமேல் கை, பக்கத்தில் ஒரு கடிகாரம். கண்ணாடியில் வருஷா வருஷம் வைத்த சந்தனம் காய்ந்து காய்ந்து நெற்றியே மேடாகிவிட்டது. ஐயாவுவின் அப்பா இராமசாமி என்று அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதுதான் புனிதா செய்தது. ஆஸ்பத்திரி நாற்காலியில் வேறு என்ன செய்வது? ஃபேஸ்புக்கில் 'பேராக் தோட்டத்துச் சொந்தங்கள்' என்று ஒரு குழு. பதினாலாயிரம் பேர். பாதிப் பேர் காலையில் ரோஜாப்பூ போட்டு வணக்கம் சொல்பவர்கள், மீதிப் பேர் அந்த ரோஜாவுக்குப் பதில் ரோஜா போடுபவர்கள். அதில் தாத்தா படத்தைப் போட்டு, கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம், பெயர் இராமசாமி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று எழுதினாள். ஒருவர் மீசை எங்கள் சித்தப்பா மீசை என்றார். ஒருவர் எந்தத் தோட்டம், எந்த லயம், எத்தனையாம் நம்பர் வீடு என்று அக்கறையாக விசாரித்துவிட்டு அப்படியே காணாமல் போனார். ஓர் அம்மாள் உங்கள் வீட்டில் பெண் இருக்கிறதா என்று கேட்டாள்.

ஒன்பதாம் நாள் சரளா எழுதினாள். அதே படம் அவர்கள் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது, அது அவள் அப்பாவைப் பெற்ற பிச்சைமுத்து தாத்தா. கூடவே படம் எடுத்துப் போட்டிருந்தாள். அதே கோட்டு, அதே கடிகாரம், கடிகாரத்தில் அதே பத்தே கால்.

அன்றிலிருந்து குழுவுக்குத் தூக்கமில்லை. பிச்சைமுத்துவை யுத்தத்தின்போது ஜப்பான்காரன் சியாமுக்கு ரயில் ரோடு போடப் பிடித்துப் போனான். போகும் முன் கங்சார் படக்கடையில் இரண்டு பிரதி எடுத்தார்; ஒன்று வீட்டில், ஒன்று கையோடு. திரும்பி வரவில்லை. இவ்வளவும் சரளா சொன்னது. பாக்கியைக் குழு சொன்னது: திரும்பி வந்திருக்கிறார். பயத்தில் இராமசாமி என்று பெயரை மாற்றிக்கொண்டு, வேறு தோட்டத்தில் வேறு குடும்பம் கட்டி, ஐயாவுவைப் பெற்றிருக்கிறார். அந்தக் காலத்தில் பெயர் மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர் என்று ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதினார். அவருக்கு இருநூறு இதயம் விழுந்தது.

புனிதா நம்பினாள். அவளுக்கு ஒரு பெரியப்பா கிடைத்துவிட்டார். சரளாவின் அப்பா கனகராஜ், எண்பத்து நான்கு வயது. அப்பாவிடம் போனைக் காட்டி, உங்களுக்கு ஓர் அண்ணன் இருக்கிறார் என்றாள். ஐயாவு அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இதெல்லாம் எதுக்கும்மா. விட்டுரு."

களைப்பு என்று நினைத்தாள். தனேஷுக்குச் சொன்னாள். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. மாமனாருக்கு இன்னொரு குடும்பம் என்று எந்த வாயால் சொல்வது? அப்பா தேறி வரட்டும் என்று தள்ளிப்போட்டாள். அப்பா தேறி வரவில்லை.

இனித் தள்ளிப்போட முடியாது. பெட்டியருகே உட்கார்ந்திருந்த அம்மா மங்களத்தின் காதில் குனிந்து, சுவரில் இருப்பவரின் மூத்த மகன் வந்துகொண்டிருக்கிறார் என்றாள். மங்களம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு நாளாகத் தொங்கிப்போயிருந்த அந்த முகத்தில் முதல்முறையாக ஒரு விழிப்பு வந்தது. மகளின் கையைப் பிடித்து எழுந்து, குளியலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். தனேஸ்வரி அக்காவின் கழுத்தும் கூடவே நீண்டது. கால் மரியாதைக்கு அங்கேயே நின்றது.

"உங்கப்பாவுக்கு அண்ணனும் கெடையாது, தம்பியும் கெடையாது. அது யாரோ ஒருத்தரு படம்."

அம்மா சொல்லச் சொல்ல புனிதா துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் சாய்ந்துகொண்டாள். எழுபத்தொன்பதாம் வருஷம். மங்களத்தின் அப்பா கங்சாரில் கணக்கப்பிள்ளை, மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார். மாப்பிள்ளையின் லயத்து வீட்டுச் சுவரில் ஒரு நாள்காட்டிதான் தொங்குகிறது. ஐயாவுவுக்கு ஆறு வயதிருக்கும்போது அவர் அப்பா இராமசாமி போய்விட்டார். கேமராவுக்கு முன்னால் நின்றதே இல்லை. கல்யாணப் பேச்சுக்குத் தன் படம் எடுக்க ஐயாவு கங்சார் படக்கடைக்குப் போகிறார். கடையை மூடப்போகிற கிழட்டுச் சீனர் ஒருவர், எடுத்துவிட்டு வாங்கிப் போகாதவர்களின் படங்களை ஒரு பிஸ்கட் டின் நிறையப் போட்டு வைத்திருக்கிறார். வேண்டியதை எடுத்துக்கொள் என்கிறார். ஐயாவு முழு டின்னையும் கொட்டித் தேடி, கோட்டு போட்டவராகப் பார்த்து ஒரு அப்பாவை எடுத்துக்கொண்டு வருகிறார்.

"எங்கப்பா பாத்துட்டு, சம்பந்தியான்னு கேட்டாரு. இவரு தலைய ஆட்டிட்டாரு. அவ்வளோதான்."

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"கட்டி ஆறு மாசத்துல அவரே சொன்னாரு. அதுக்குள்ள பொட்டு வச்சி, மாலை போட்டு, படையலும் போட்டாச்சு. அப்பறம் எப்படி எறக்கறது?"

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ என்னையா கேட்ட? போனத்தான கேட்ட."

வாசலில் கார் வந்து நின்றது. மங்களம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு பேர் முன்னால் எதுவும் பேசிவிடாதே, உன் அப்பா மானமாகப் போகட்டும் என்று மட்டும் சொன்னாள்.

கனகராஜ் மெலிந்த உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை தேய்த்து மடிப்பு கலையாமல் இருந்தது. யாரையும் பார்க்காமல் நேராகச் சுவரைப் பார்த்தார். அதற்குள் காரியம் நடத்திய பண்டாரம் வாய்க்கரிசி போடப் பங்காளிகளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த வீட்டில் பங்காளி என்று ஒருவர் இருந்ததே கிடையாது. எல்லாக் காரியத்துக்கும் அக்கம்பக்கத்தார்தான் நிற்பார்கள். இன்று ஒருவர் வந்துவிட்டதில் தனேஷுக்கு ஒரு பெருமை. ஓடிப்போய்ப் பெரியவரின் கையைப் பிடித்தான்.

"பெரியப்பா, நீங்கதான் மொதல்ல."

புனிதா வாயைத் திறந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். புனிதா தாம்பாளத்தை நீட்டினாள்.

கனகராஜ் ஒரு பிடி அள்ளி மூன்று தரம் போட்டார். பிறகு குனிந்து ஐயாவுவின் முகத்தை ஊன்றிப் பார்த்தார். மூக்கு எங்கள் அப்பா மூக்குதான் என்றார். ஆமாம் ஆமாம் என்று கூட்டம் தலையாட்டியது. பஸ் கதவில் இடித்து வளைந்த மூக்கு அது. தனேஸ்வரி அக்கா ஒரு கையால் கண்ணைத் துடைத்து, மறு கையால் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். பெரியவர் கையில் மிஞ்சிய அரிசியைத் தாம்பாளத்தில் திருப்பிப் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதையும் அவள்தான் பார்த்தாள். வயசாகிவிட்டால் முறை மறந்துவிடும் என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

இரண்டு மணிக்குப் பெட்டி கிளம்பியது. ஆண்கள் சுடலைக்குப் போனார்கள். மங்களத்தைப் பெண்கள் குளிக்க அழைத்துப் போனார்கள். சரளா தெருவை அடைத்து நின்ற காரைத் திருப்பி நிறுத்தப் போனாள். முட்டி வலிக்காரர் மட்டும் காலியான கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். புனிதா துடைப்பத்தை எடுத்தாள். இவரும் போய்விட்டால் தரையிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது.

"எங்கப்பா எப்பம்மா செத்தாரு?"

துடைப்பம் நின்றது.

"நாளு தெரிஞ்சா போதும். என்னப் பெத்த ஆயி கடைசி வரைக்கும் தாலி எடுக்கல. வருவாரு வருவாருன்னே போயிருச்சு. நானும் நாளு தெரியாம ஆடி அமாவாசைக்கே கும்புட்டுட்டு இருக்கேன்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "வந்தவரு எங்கள ஏன் வந்து பாக்கல? அதக்கூட நான் கேக்கல. நாளு மட்டும் சொல்லு."

நாள் அவளிடம் இருந்தது. இராமசாமி இறந்த நாளென்று அவர்கள் படைப்பது மார்கழி இரண்டாம் சனி. அதைச் சொன்னால் கிழவர் எழுந்து போய்விடுவார். அப்பாவின் மானமும் அப்படியே இருக்கும். பெற்ற பிள்ளையை எட்டிப் பார்க்காத ஓர் அப்பாவையும் அவர் கூடவே கொண்டுபோவார்.

புனிதா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். பிஸ்கட் டின்னிலிருந்து தொடங்கிச் சொன்னாள். அப்பா தலையாட்டியதையும் சொன்னாள்.

"அப்ப அவரு திரும்பி வரவே இல்ல."

"இல்லங்க."

வெளியே கூடாரத்துக்காரன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். கனகராஜ் முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"வந்திருந்தா மொதல்ல நம்ம வீட்டுக்குத்தான் வந்திருப்பாருன்னு ஆயி சொல்லும்." படத்தைப் பார்த்தார். "இத கையோட கொண்டு போனாருன்னும் சொல்லும். கடையிலேர்ந்து வாங்கவே இல்ல போல."

"மன்னிச்சுருங்க."

அவர் படத்தைக் கைகாட்டினார். படைத்தீர்களா என்று கேட்டார். வருஷா வருஷம் என்றாள். என்ன வைப்பீர்கள் என்று கேட்டார். ஆட்டுக்கறி, அவித்த முட்டை, ஒரு போத்தல் ஸ்டவுட் என்றாள்.

"எங்கப்பா தண்ணி தொடமாட்டாரு." வாயோரம் லேசாக அசைந்தது. "நாப்பத்தஞ்சு வருஷமா ஊத்தியிருக்கீங்களே."

கொஞ்சம் தண்ணீர் கேட்டார். புனிதா தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். கிளாஸ்கள் எல்லாம் கழுவாமல் கிடந்தன; ஒன்றைத் தேய்த்துக் கழுவி நிரப்பிக்கொண்டு வருவதற்குள் நாற்காலி காலியாகியிருந்தது. கதவருகே பெரியவர் சரளாவின் தோளைப் பிடித்துச் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் யாரும் வாரேன் என்று சொல்வதில்லை. அவரும் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கார் போன பிறகு அந்தத் தண்ணீரை அவளே குடித்தாள். போன் அதிர்ந்தது. தனேஸ்வரி அக்கா பிடித்தது குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் தம்பி கடைசியில் சேர்ந்துவிட்டார்கள் என்று முந்நூறு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். ஆசிரியர் தான் அன்றே சொன்னதை நினைவுபடுத்தியிருந்தார். புனிதா பதில் எழுதப் போய், என்ன எழுதுவதென்று தெரியாமல், போனை ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூட்டினாள்.

பெட்டி இருந்த இடம், நாற்காலிகளின் கீழ், வாசற்படி எல்லாம் அரிசி. கூட்டிக் குவித்து வாரி வெளியே கொட்டினாள். நாற்காலியை நகர்த்தி வைத்து நிமிர்ந்தபோது படம் கண்ணெதிரே இருந்தது. சட்டத்தின் அடிவிளிம்பில், கண்ணாடியை ஒட்டி, வெறுங்காலுக்குக் கீழே, நாலைந்து பச்சரிசி.

குளியலறைக் கதவு திறந்தது. ஈரத்தலையோடு மங்களம் வந்து நின்றாள்.

"கூட்டிட்டியா? ஒரு அரிசி உள்ள இருக்கக்கூடாது."

புனிதா தலையை ஆட்டினாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.