பாஸ்வேர்டு யார் கையில்

லேப்டாப்பைத் திறந்ததும், வேறு யாருடையதையோ தூக்கி வந்துவிட்டோமோ என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. மூடியின் மூலையில் மகள் ஒட்டிய மீன் ஸ்டிக்கர் இருந்தது. 'எஸ்' எழுத்து பாதி அழிந்துபோன கீபோர்டும் அவளுடையதுதான். திரை மட்டும் அவளுடையது இல்லை. கீழே கிடக்க வேண்டிய பட்டை இடப்பக்கம் செங்குத்தாக நின்றது. நடுவில் இரண்டு பெயர்கள். மேலே கொழுந்தனின் பெயர், அதற்குக் கீழே 'அண்ணி'.

'அண்ணி'யை அழுத்தினாள். பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் உள்ளே விட்டது. உள்ளே வீடு காலி செய்துகொண்டு போனவர்கள் கூட்டிப் பெருக்கி வைத்துவிட்டுப் போனது போல் இருந்தது. மூன்று வாரமாக மல்லுக்கட்டி அவள் ஏற்றி வைத்திருந்ததில் ஒன்றுகூட இல்லை. கோபம் தலைக்கு ஏறியது. ஏறியது அன்று முழுக்க இறங்கவே இல்லை.

அன்று மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு ஒரு வேலைக்கான செய்முறைத் தேர்வு. சாலை விபத்துகளை ஆராயும் நிறுவனம். அவள் படித்தது புள்ளியியல். மகள் பிறந்தபோது விட்ட வேலையை, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தேடினாள். விண்ணப்பம் போட்ட இடங்களில் பாதிப் பேர் பதிலே எழுதவில்லை. மீதிப் பேர், இத்தனை வருடம் சும்மாவா இருந்தீர்கள் என்று கேட்டார்கள். கைக்குழந்தையோடு சும்மா இருக்கும் வித்தை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லிக் கொடுக்கட்டும்.

இந்த ஒரு நிறுவனம்தான் செய்து காட்டுங்கள் பார்க்கலாம் என்றது. விபத்தில் அடிபட்டவர்களின் விவரம் அடங்கிய பைலை அனுப்புவார்கள். அவள் தன் திரையை அவர்களுக்குக் காட்டியபடியே, ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் கணக்குப் போட்டு, வரைபடம் வரைந்து, முடிவு சொல்ல வேண்டும். அடிபட்டவர்களின் சொந்த விவரம் என்பதால் இணையத்தில் எங்கும் ஏற்றக் கூடாது. எல்லாம் அவரவர் கணினிக்குள்ளேயே நடக்க வேண்டும். மகளுக்குக் காய்ச்சல் என்று ஏற்கெனவே ஒருமுறை தேதியைத் தள்ளி வாங்கியாயிற்று. இன்னொரு தரம் தள்ளச் சொன்னால் குழந்தையையே பார்த்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாகச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

அதற்காகத்தான் அந்த மூன்று வாரப் பாடு. ஆரை ஏற்றுவது சுலபம். அதோடு சேர வேண்டிய பேக்கேஜுகள் எனும் துணை மென்பொருள்கள்தான் கழுத்தை அறுக்கும். லேப்டாப் அவளுடைய கடைசிச் சம்பளத்தில் வாங்கியது. ஆனால் வாங்கிய அன்று விண்டோஸில் கணக்கைத் திறந்தவன் கணவன், தன் பெயரிலேயே திறந்துவிட்டான். அவன் பெயருக்கும் அவன் அப்பா பெயருக்கும் நடுவில் ஓர் இடைவெளி. பைல்கள் இருக்கும் பாதையில் அந்த இடைவெளி வந்து உட்கார்ந்துகொண்டதால் சில பேக்கேஜுகள் முட்டிக்கொண்டு நின்றன. எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, எல்லாவற்றையும் வேறு போல்டருக்கு மாற்றிய பிறகுதான் ஓடியது. என் வேலைக்குக் குறுக்கே இவர் பேர் நிக்குதே என்று அன்றைக்குச் சிரித்துக்கொண்டாள். இன்று சிரிப்பு வரவில்லை.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

அவனுக்குக் குடும்பத்தில் 'டாக்டர்' என்று பெயர். பெரியப்பா வீட்டுப் பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை எப்போதோ உருவி எடுத்ததிலிருந்து கிடைத்த பட்டம். யார் வீட்டு மெஷினுக்கு எது வந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வருவான். நோயாளி தூங்கும் நேரம் பார்த்து வயிற்றைக் கிழிக்கும் ரகம். முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் மகளோடு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது வந்து ஆபரேஷனை முடித்திருக்கிறான்.

"அண்ணி! பாத்தீங்களா? எப்படி இருக்கு?" குரலில் அப்படியொரு குதூகலம்.

"தம்பி, என் லேப்டாப்ப என்ன பண்ணீங்க?"

"நகரவே மாட்டேன்னுச்சே அண்ணி. விண்டோஸோட மொத்தத்தையும் தொடச்சிட்டு லினக்ஸ் போட்டுட்டேன். இப்பப் பாருங்க, பறக்கும்."

"அதுல நான் ஏத்தி வச்சதெல்லாம் இருந்துச்சே?"

"முக்கியமானத பென்டிரைவ்ல எடுத்து வச்சிட்டேன். பாப்பா போட்டோ, உங்க கல்யாண வீடியோ, எல்லாம் பத்திரம்."

"நான் எழுதின ப்ரோக்ராம் ஒரு போல்டர் நிறைய இருந்துச்சு."

கொஞ்சம் யோசித்தான். "துண்டு துண்டா சின்னச் சின்ன பைலா இருந்துச்சே, அதுவா? ஏதோ குப்பைன்னு நினைச்சு விட்டுட்டேன் அண்ணி."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். "யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க?"

"அண்ணன்கிட்ட கேட்டேனே. பண்ணுடான்னாரு."

போனைக் கையில் பிடித்தபடியே பக்கத்து அறைக் கதவைத் தள்ளினாள். கணவன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே வீட்டு டிராயர். அவள் முகத்தைப் பார்த்ததும் மைக்கை அணைத்தான்.

"உங்க தம்பி கேட்டப்ப பண்ணுன்னு சொன்னீங்களா?"

"நல்லதுக்குத்தானே பண்ணான்? ஸ்லோவா இருக்குன்னு நீதான புலம்பிட்டே இருந்த."

"இன்னிக்கு எனக்கு டெஸ்ட். ஞாபகம் இருக்கா இல்லையா?"

"இன்னிக்கா? புதன்கிழமைன்னுல்ல நெனச்சேன்."

அவள் கத்தினால் மீட்டிங்கில் இருப்பவர்களுக்குக் கேட்குமோ என்று மைக்கை இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான். அதைப் பார்த்தபோது அவளுக்கு இன்னும் எரிந்தது.

"உங்க ஆபீஸ் மேக் லேப்டாப்பைக் கொடுங்க. அதுல போட்டுப் பாக்கறேன்."

கொடுத்தான், பாவம், மீட்டிங்கைப் போனுக்கு மாற்றிக்கொண்டு கொடுத்தான். மேக்குக்கான ஆரில் இரண்டு வகை, உள்ளே இருக்கும் சிப்பைப் பொறுத்து. சரியானதைப் பார்த்து இறக்கினாள். ஏற்றப் போனால் நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டது. அது அவன் கம்பெனி ஆட்களிடம்தான் இருந்தது. கேட்டு எழுதினால் இரண்டு நாளில் பார்ப்பார்களாம். கம்பெனி மெஷினில் கம்பெனி பூட்டுப் போட்டிருப்பது நியாயம், அதில் அவளுக்கு வருத்தமில்லை. மேக்கை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கூடத்தில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். "ஆர்னா ஒரே எழுத்துதானேம்மா? அதைப் போடவா இத்தனை ரகளை? சின்னவன் பாவம், நேத்து சாப்பிடக்கூட எழுந்திரிக்கல. குனிஞ்ச தலை நிமிராம உக்காந்து செஞ்சான்."

"நான் மூணு வாரம் உக்காந்தேன் அத்தை. அதை யாரும் பாக்கல," என்றாள். மாமியார் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தார்.

சரி, லினக்ஸ் என்றால் லினக்ஸ். எந்த இயங்குதளமாக இருந்தால் என்ன, ஆர் எல்லாவற்றிலும் ஓடும். சமையல்கட்டு மேடையில் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே தட்டினாள். ஏற்றச் சொல்லி ஒரு வரி அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது. எதை அடித்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை. 'அண்ணி' என்ற கணக்கை டாக்டர் வெறும் விருந்தாளிக் கணக்காகத் திறந்திருந்தான். படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம், எதையும் ஏற்றவோ இறக்கவோ கூடாது. அந்த அதிகாரம் மேலே இருந்த பெயருக்கு மட்டும்தான்.

மறுபடி போன்.

"தம்பி, அந்த பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"அய்யோ அண்ணி, அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது. செக்யூரிட்டி."

"என் லேப்டாப் பாஸ்வேர்டை எனக்குச் சொல்ல என்ன செக்யூரிட்டி?"

"இல்லண்ணி..." இழுத்தான். "என் பேங்க், மெயில், எல்லாத்துக்கும் அதே பாஸ்வேர்டுதான் வச்சிருக்கேன்."

குடும்பத்தின் கம்ப்யூட்டர் டாக்டர்!

"மதியம் எனக்கு டெஸ்ட் தம்பி. வேலைக்கு."

"எனக்கு நேரம் ஒழிஞ்சதும் நானே வந்து போட்டுத் தரேன் அண்ணி, அஞ்சு நிமிஷ வேலை. அதுவரைக்கும் நீங்க எதையும் தொட்டுடாதீங்க. கெடுத்துடுவீங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனை 'நீங்க', 'வாங்க' என்றே பேசிப் பழகிய வாய் அது.

"வை போனை," என்றாள்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, போனில் தேட ஆரம்பித்தாள், பாஸ்வேர்டு தெரியாத லினக்ஸுக்குள் போவது எப்படி என்று. உலகத்தில் தனக்கு முன்னால் எத்தனையோ பேர் இதே கேள்வியை இதே ஆத்திரத்தோடு கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. மெஷினைக் கையில் வைத்திருப்பவர் நுழைய, லினக்ஸைச் செய்தவர்களே ஒரு பின்வாசல் வைத்திருந்தார்கள். டாக்டர் அதைப் பூட்டவும் இல்லை.

அணைத்துவிட்டு, ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே திரும்பவும் உயிர் கொடுத்தாள். கறுப்புத் திரை வந்தது. பழுது பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுத்தாள். வெறும் எழுத்து மட்டும் உள்ள ஓர் இடத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே யாருக்கும் பெயர் இல்லை, எல்லா அதிகாரமும் உண்டு. தன் கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வைத்தாள். தன்னை நிர்வாகியாக்கும் வரியை, ஒவ்வொரு எழுத்தாகப் போனோடு ஒத்துப் பார்த்து அடித்தாள். பிறகு, யாரும் சொல்லாமல், இன்னொரு வரியும் அடித்தாள். அதை அடித்து முடித்தபோதுதான் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

அதற்கப்புறம் ஓட்டம்தான். ஆர் ஏறிற்று. பேக்கேஜுகளை அழைத்தாள். பாதி ஏறின, ஒன்று முறுக்கிக்கொண்டது. சிவப்பு வரிகள் சரசரவென்று ஓடி, கடைசியில் ஏதோ ஒரு நிரல் நூலகத்தைக் காணோம் என்றது. அதை ஏற்றினாள். அதற்கு இன்னொன்று வேண்டுமாம், அதையும் ஏற்றினாள். விண்டோஸில் பட்ட பாடு வீண்போகவில்லை. பிழைச் செய்தியில் எந்த வரியைப் பார்க்க வேண்டும், எதைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்திருந்தது. ப்ரோக்ராம்களில் இரண்டைத் தனக்கே மெயிலில் அனுப்பி வைத்திருந்தாள், அவை பிழைத்தன. மற்றதை மனத்திலிருந்து எடுத்து எழுதினாள். டாக்டருக்குக் குப்பையாகத் தெரிந்தது ஒவ்வொன்றும் அவளுக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது.

கடைசிப் பேக்கேஜ் ஏறி முடிந்தபோது தலை வாரக்கூட நேரமில்லை. துப்பட்டாவை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

திரையில் மூன்று முகங்கள். பைல் வந்தது. அவள் விவரங்களைப் பிரித்தாள், விடுபட்டதை எண்ணினாள், எந்தச் சாலையில் எந்த நேரத்தில் அதிகம் அடிபடுகிறார்கள் என்று கணக்குப் போட்டாள். வரைபடத்தில் ஊர்ப் பெயர்களெல்லாம் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தன. "இந்த மெஷின்ல எழுத்துரு இன்னும் போடல, கணக்குல தப்பில்ல," என்று சொல்லி, பெயருக்குப் பதில் எண்ணைப் போட்டு வரைந்து காட்டினாள்.

நடுவில் இருந்த அம்மாள் கேட்டார், "விண்டோஸ்லதான் செய்வேன்னு எழுதியிருந்தீங்களே?"

வாய்வரை வந்ததை விழுங்கினாள். "நேத்து வரைக்கும் அதான் மேடம். இன்னிக்குக் காலையில மாத்த வேண்டியதாப் போச்சு."

"டெஸ்ட் அன்னிக்கு, எல்லாத்தையும் புதுசா ஏத்தினீங்களா?"

"வேற வழி இல்ல மேடம்."

அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார்.

சாயங்காலம் மெயில் வந்தது. அடுத்த வாரம் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். எப்போது சேர முடியும் என்றும் கேட்டிருந்தார்கள். படித்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. தோற்றிருந்தால் போனா போகுது, அடுத்த தடவை பாத்துக்கலாம் என்றிருப்பார்கள். ஜெயித்துவிட்டதால் என்ன சொல்வார்கள் என்றும் அவளுக்குத் தெரியும்.

டாக்டர் அதையேதான் சொன்னான். பென்டிரைவைச் சாவிக்கொத்துபோல் சுழற்றிக்கொண்டே வந்தான். விஷயத்தைக் கேட்டதும் கையைத் தட்டினான். "பாத்தீங்களா அண்ணி! எல்லாம் நம்ம லினக்ஸ் போட்ட நேரம்!" மாமியார் சிரித்தார். கணவனும் லேசாகச் சிரித்தான், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டான். கேட்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, தன் பெயரில் நுழைந்தான். "இன்னும் ரெண்டு மூணு ஐட்டம் ஏத்திடறேன், அப்புறம் பாருங்க." ஒரு வரி அடித்தான். பாஸ்வேர்டு அடித்தான். நெற்றியைச் சுருக்கினான். மறுபடி அடித்தான்.

"என்னடா?" என்றான் கணவன்.

"பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கு. ஆனா இந்த மெஷின்ல எனக்கு அனுமதி இல்லைங்குது. நடந்தது நிர்வாகிக்குத் தெரிவிக்கப்பட்டதுன்னு வேற வருது." நிமிர்ந்தான். "யாரு நிர்வாகி?"

"நான்தான்," என்றாள்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "என் பொருள். என் வேலை. உங்க அண்ணன்கிட்ட கேட்டீங்க, அத்தைக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு மூணு பேருல ஒருத்தருக்கும் தோணலை. இன்னிக்கு டெஸ்ட் போயிருந்தா எனக்கு எல்லாம் போயிருக்கும். உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை."

"அண்ணா, நீயாவது சொல்லேன்."

"எனக்கே விருந்தாளிக் கணக்குதான்டா திறந்து வச்சிருக்கா," என்றான் கணவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து மூடினாள். மீன் ஸ்டிக்கரின் தூக்கியிருந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

"என்னென்ன ஏத்தணும்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. எனக்கு நேரம் ஒழிஞ்சதும் போட்டுத் தரேன். அதுவரைக்கும் நீங்க எதையும் தொட்டுடாதீங்க."